பக்கத்து நிறம் செய்கிற வேலை

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பல நிறத்தைப் பற்றியவை. கேட்டவர்களின் தொழில் வேறு வேறு என்றாலும், ஒருவருக்குச் சொல்லும் பதில் மற்றவருக்கும் தேவைப்படுகிறது. அதனால் சேர்த்தே தருகிறோம்.

கேள்வி: ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் என்னுடைய அரக்குச் சேலைக்கு பிளவுஸ் துணி எடுத்தேன். கடையில் பார்த்தபோது அச்சாகப் பொருந்தியது. வீட்டில் எடுத்து வைத்தால் துணி மண்ணிறமாக இருக்கிறது. துணியை மாற்றி வைத்துவிட்டார்களா?
– வாசகி, டிக்கோயா

பதில்: கடைக்காரரைச் சந்தேகப்படுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். வெயில் நேரே விழாத சன்னல் ஓரத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைப் போடுங்கள். அதன் மேல் சேலையையும் துணியையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வையுங்கள். நடுவில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அங்கே தெரிகிற வெள்ளை ஒப்பீட்டைக் கெடுக்கும். பிளவுஸ் துணி மெல்லியது என்றால் நான்காக மடியுங்கள். ஒற்றைத் துணியில் அடியில் இருக்கிற நிறமும் கலந்து தெரியும்.

பகலில் பொருந்தாமல் இரவில் பல்பின் கீழ் பொருந்தினால் காரணம் வெளிச்சம். பட்டுக்கும் பருத்திக்கும் போடும் சாயங்கள் வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரிகிற இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கின் கீழ் பிரிந்துவிடும். இதற்கு மருந்து, காசு கொடுக்கும் முன் இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுதான்.

பகலிலும் இரவிலும் இரண்டும் பொருந்துகின்றன, துணியை அலுமாரியில் தனியாகத் தொங்கவிடும்போது மட்டும் மண்ணிறம் என்றால், அது பக்கத்து நிறத்தின் வேலை. கடை மேசையில் அந்தத் துணி எதன் மேல் கிடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பச்சைச் சேலைகளின் மேல் கிடந்தால் அதன் சிவப்பு எடுப்பாகத் தெரிந்திருக்கும். வீட்டில் வேறு சிவப்பு உடுப்புகளுக்கு நடுவே தொங்கினால் அதே துணி சிவப்பை இழந்து மண்ணிறம் காட்டும். நம் கண் எந்த நிறத்தையும் தனியே நிறுத்துப் பார்ப்பதில்லை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்கிறது. சுற்றிலும் என்ன நிறம் இருக்கிறதோ, அதற்கு எதிர் நிறத்தின் பக்கமாக நடுவில் உள்ளது சாயும். பச்சை சுற்றியிருந்தால் இளஞ்சிவப்புப் பக்கம். சிவப்பு சுற்றியிருந்தால் நீலப்பச்சைப் பக்கம். மஞ்சள் என்றால் ஊதாப் பக்கம். நீலம் என்றால் செம்மஞ்சள் பக்கம். கறுப்பின் மேல் வைத்தால் வெளிறும், வெள்ளையின் மேல் வைத்தால் கருக்கும்.

இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் சாயத் தொழிலோடு தொடர்புள்ளவர் என்பது உங்கள் கேள்விக்குப் பொருத்தம். மிஷேல் எஜேன் செவ்ருல் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1824இல் பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பேற்றார். சித்திரத் திரைச்சீலைகளில் நீல, ஊதா உடைகளை நெய்யும்போது நிழலுக்குப் போடும் கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்று அவரிடம் முறைப்பாடு வந்தது. வேறு இடங்களில் சாயமிட்ட கறுப்பு நூல்களோடு வைத்துப் பார்த்தார்; தம்முடைய சாயத்தில் குறை இல்லை. கறுப்பை மங்கச் செய்தது பக்கத்து நீலமும் ஊதாவும்தான். 1839இல் அந்த ஆராய்ச்சியை முழுமையாக வெளியிட்டார்.

அவர் சொன்ன இன்னொன்றைப் புடவைக் கடைக்காரர்களும் கேட்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருவருக்கு 14 சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்துக் காட்டினால், கடைசி ஆறேழு துணிகள் முன்னையவற்றைப் போலவே இருந்தும் மங்கலாகத்தான் தெரியும். சிவப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் சலித்துவிடுகிறது. நடுவில் ஒரு பச்சைத் துணியை விரித்துக் காட்டினால் அடுத்த சிவப்பு மறுபடி பளிச்சென்று தெரியும். வாங்குகிறவரும் இதைப் புரிந்துகொண்டு, நாலைந்து சேலைக்கு ஒரு தடவை கண்ணைச் சாம்பல் சுவரிலோ வெளியே வானத்திலோ அரை நிமிடம் வைத்துவிட்டுத் திரும்பலாம்.

ஒரு சிறு கருவியும் செய்துகொள்ளுங்கள். மினுக்கமில்லாத சாம்பல் நிற பிறிஸ்டல் போட்டில் கையகலத் துண்டு ஒன்று வெட்டி, அதில் ஒன்றரை சென்ரிமீற்றர் அகலத் துளை இரண்டை, 4 சென்ரிமீற்றர் இடைவெளியில் போடுங்கள். ஒரு துளை வழியே சேலையும் மற்றதன் வழியே துணியும் தெரியும்படி பிடித்துப் பாருங்கள். சுற்றியுள்ளவை மறைந்து, இரண்டுக்கும் சாம்பல் என்ற ஒரே பக்கத்து நிறம் கிடைக்கும். சாம்பல் அதிகம் கருப்பாகவோ வெளிறியோ இல்லாமல் நடுத்தரமாக இருக்க வேண்டும். அட்டையின் நிழல் துணியில் விழாமல் பிடிக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் ‘துளை அட்டை’ என்று சொல்வது இதைத்தான்.

கேள்வி: சத்திரசிகிச்சை அறையில் மட்டும் ஏன் பச்சை உடுப்பு?
– மாணவன், இராகலை

பதில்: இரத்தச் சிவப்பையே நெடுநேரம் பார்த்த கண்ணை வெள்ளைத் துணிக்குத் திருப்பினால், அங்கே நீலப்பச்சை நிறத்தில் பேய்போல ஒரு தடம் மிதக்கும். பச்சைத் துணியில் அந்தத் தடம் கரைந்துவிடும். சிவப்பைப் பிரித்துப் பார்க்கும் கண்ணின் கூர்மைக்கும் இடையிடையே பச்சையைப் பார்ப்பது ஓய்வு. பலமான விளக்கின் கீழ் வெள்ளை கண்ணைக் கூசச் செய்வதும் ஒரு காரணம்.

கேள்வி: பண்டாரவளையில் எங்கள் புது வீட்டு முன்னறைக்கு வெளிர் சாம்பல் பெயின்ட் தெரிவு செய்தோம். ஹாட்வெயார் கடை அட்டையில் நல்ல சாம்பல். சுவரில் பூசியதும் ரோஸ் சாயல் அடிக்கிறது. சன்னலுக்கு வெளியே முழுக்கத் தேயிலைச் சரிவு. தரை சிவப்புச் சீமெந்து. கலவை பிழையா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: கலவை பிழையாக இருக்கலாம், ஆனால் உங்கள் கடிதத்திலேயே வேறு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. சன்னல் நிறையப் பச்சை தெரிந்தால் அதன் ஓரத்துச் சாம்பல் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். இது கண்ணுக்குள் நடப்பது. சிவப்புத் தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் சுவரின் அடிப்பாகத்தில் உண்மையாகவே சிவப்பைப் பூசும். இது சுவரில் நடப்பது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும்.

சன்னலுக்குப் பக்கத்துச் சுவரைத் துளை அட்டை வழியே, மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ரோஸ் மறைந்து வெறும் சாம்பல் தெரிந்தால் பச்சையின் வேலை. துளை வழியேயும் ரோஸ் நின்றால் தரையின் வேலை, அல்லது கலவையின் வேலை. அப்போது அதே பெயின்டைப் பூசிக் காயவைத்த அட்டை ஒன்றை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியின் நிழலில், சாம்பல் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் ரோஸ் என்றால் டின்னைக் கடைக்குக் கொண்டுபோகலாம்.

தரைதான் காரணம் என்றால் சன்னலடியில் வெயில் விழும் இடத்தில் மங்கலான நிறப் பாய் ஒன்றை விரித்தாலே பெருமளவு குறையும். பச்சை காரணம் என்றால் சுவருக்கே சாம்பலில் ஒரு துளி பச்சையோ மஞ்சளோ கலந்த நிறத்துக்கு மாற வேண்டும். வெளியே இருக்கிற நிறத்தின் பக்கம் கொஞ்சம் சாய்ந்த சாம்பல்தான் அந்த அறையில் நடுநிலையாகத் தெரியும். பலர் தலைகீழாக, ரோஸைக் கொல்ல நீலம் சேர்த்துவிட்டு, அறை ஊதாவாகிவிட்டது என்று தவிக்கிறார்கள். சன்னலைச் சுற்றி நாலு அங்குல வெள்ளைச் சட்டம் பூசுவதும் உதவும். இரண்டு நிறங்களும் நேராக முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் இந்த விளைவு மிகப் பலம். நடுவில் ஒரு கோடு விழுந்தால் தளர்ந்துவிடும்.

அடுத்த அறைக்கு முன்னரே செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். கடை அட்டையில் உள்ள நிறச் சதுரம் விரலகலம், சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில் எந்த நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். சுவரில் பூசினால் வெளிறிப்போனது போல் இருக்கும். ஆகவே 60 சென்ரிமீற்றர் சதுரமான ஹாட்போட் பலகை ஒன்றுக்கு வெள்ளை அண்டர்கோட் அடித்து, தெரிவு செய்த எமல்ஷனை இரண்டு கோட் பூசுங்கள். ஒரு லீற்றர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் வரும். இந்தப் பலகைக்கு 100 மில்லிலீற்றர் தாராளம். ஓரத்தில் வெள்ளை விடாமல் விளிம்புவரை பூசுங்கள். எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் கொஞ்சம் கருத்த நிறம். ஒரு நாள் காயவிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். பலகையைச் சன்னல் பக்கச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் சாய்த்துவைத்து, காலை, நண்பகல், மூடுபனி இறங்கிய பின்னேரம், இரவு விளக்கு என்று நாலு நேரமும் பாருங்கள். மலைநாட்டில் மூடுபனி நேரத்தைத் தவறவிடக் கூடாது. அந்த வெளிச்சம் வெயிலைவிட நீலம் கூடியது. சாம்பலும் வெள்ளையும் அப்போது வேறு முகம் காட்டும்.

பழைய சுவரிலேயே ஒரு பட்டை அடித்துப் பார்ப்பதுதான் மிக வழக்கமான தவறு. பழைய சுவர் மஞ்சள் என்றால் புதுச் சாம்பல் அதன் நடுவில் ஊதாவாகத் தெரியும். மஞ்சள் முழுக்க மறைந்தபின் அந்த ஊதா இருக்காது. நாலு சுவருக்கும் ஒரே நிறம் என்றால், பலகையில் பிடித்ததைவிட ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள். சுவர்கள் ஒன்றன் வெளிச்சத்தை ஒன்று வாங்கித் தெறித்து நிறத்தைக் கூட்டிவிடும்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பகுதியில் வேலை செய்கிறேன். ஒரே தூள் ஒரு தட்டில் கறுப்பாகவும் இன்னொன்றில் பழுப்பாகவும் தெரிகிறது. தேயிலைச் சாயத்தின், அதாவது வடித்த தேநீரின், நிறத்திலும் ஆளுக்கு ஆள் கருத்து மாறுகிறது.
– வாசகர், தலவாக்கலை

பதில்: முதலில் தட்டு. கறுத்த தட்டில் தூள் வெளிறிப் பழுப்பு காட்டும், வெள்ளைத் தாளில் கருக்கும். எல்லா மாதிரிகளையும் ஒரே நிற, மினுக்கமில்லாத தட்டில் ஒரே அளவு பரப்பி வைப்பது தவிர வேறு வழியில்லை. தட்டின் அடி தெரியாதபடி பரப்ப வேண்டும். தூளுக்கு நடுவே அடி தெரிந்தால் அந்த நிறமும் தூளோடு கலந்து தெரியும்.

பழுப்பு என்ற நிறமே பக்கத்து வெளிச்சத்தால் பிறப்பது. பழுப்பு அட்டையை நல்ல வெயிலில் வைத்து, கறுத்தத் தாளைச் சுருட்டிய குழாய் வழியாக, சுற்றியுள்ள எதுவும் தெரியாமல் பாருங்கள்: செம்மஞ்சள் தெரியும். சுற்றிலும் அதைவிடப் பிரகாசமான ஏதாவது இருக்கும்போதுதான் மங்கிய செம்மஞ்சளை நாம் பழுப்பு என்கிறோம். தேயிலையின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குள் இவ்வளவு வாக்குவாதம் வருவதற்கு இது ஒரு காரணம். மேசை வெள்ளையா கறுப்பா என்பதே பெயரை மாற்றிவிடுகிறது.

சாயத்தில் கதை கொஞ்சம் வேறு. சாயம் ஒளி புகும் பொருள். கோப்பையின் நிறம் அதன் வழியே உண்மையாகவே கலந்து வரும். நீலம் கலந்த வெள்ளைக் கோப்பையும் பால்வெள்ளைக் கோப்பையும் ஒரே சாயத்துக்கு இரண்டு நிறம் கொடுக்கும். ஒரே தொகுதிக் கோப்பைகளையே பயன்படுத்துங்கள். மஞ்சள் பிடித்த பழையவற்றை விலக்குங்கள். ஒப்பிடுவதற்குச் சாயம் தயாரிக்கும் ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தர முறையில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், கொதிநீர், 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான். இதில் கோப்பையின் நிரப்பு மட்டம் சமமாக இருப்பதும் நிறத்துக்கு முக்கியம். அரை விரல் ஆழம் கூடினாலே சாயம் கருக்கும்.

வெளிச்சத்துக்கு வடக்குச் சன்னல் சிறந்தது என்று சொல்வார்கள். ஐரோப்பாவில் வடக்குச் சன்னலில் நண்பகல் வெயில் விழாது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 7 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் நீண்ட இறவாரம் இல்லாத வடக்குச் சன்னலில் வெயில் விழும். வெள்ளைத் திரை போடுங்கள். சன்னலுக்கு வெளியே தேயிலை மலை பக்கத்திலேயே இருந்தால் வரும் வெளிச்சமே பச்சை கலந்தது. சரிவு தெரியாமல் வானம் மட்டும் தெரியும்படி சன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள்.

கடைசியாக வரிசை. வெளிர் சாயங்கள் வரிசையாக நின்று, பிறகு வருவது நடுத்தரம் என்றால் அது கரும் சாயமாகத் தெரியும். ஒரு தடவை இடமிருந்து வலம் பார்த்தபின், வலமிருந்து இடம் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே தீர்ப்பு வந்த கோப்பையின் தீர்ப்பை மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: சந்தையில் செம்மஞ்சள் வலைப் பையில் இருக்கும் தோடம்பழம் பழுத்துக் கிடக்கிறது. வீட்டில் பையை வெட்டினால் பாதி பச்சை. நீங்கள் சொல்கிறபடி எதிர் நிறமல்லவா தெரிய வேண்டும்?
– வாசகி, வெலிமடை

பதில்: நல்ல கேள்வி, பலர் தடுக்கி விழும் இடம் இது. பக்கத்து நிறம் அகலமான பரப்பாக இருந்தால் எதிர்ப் பக்கம் தள்ளும். மெல்லிய நூலாக, நெருக்கமாக ஓடினால் தன் பக்கம் இழுக்கும். வலையின் நூல் மெல்லியது. அதன் செம்மஞ்சள் தோலின் மேல் படர்ந்தது போல் தெரியும். தள்ளி நின்று பார்த்தால் இன்னும் கூடுதல். ஜெர்மன் விஞ்ஞானி வில்ஹெல்ம் ஃபொன் பெட்சோல்ட் 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததும் இதையே. கம்பளத்தில் ஊடாக ஓடும் ஒரு நூலின் நிறத்தை மட்டும் மாற்றினால் மற்ற எல்லா நிறங்களும் மாறியதுபோல் தெரியும். சரிகைக் கட்டம் போட்ட சேலையில் உடல் நிறம் சூடாகத் தெரிவதும் இதனால்தான்.

கடைக்கு மேலே கட்டிய சிவப்புத் தறப்பாள் வேறு விஷயம். அது வெளிச்சத்தையே சிவப்பாக்குகிறது. அதற்குத் துளை அட்டை உதவாது. பழத்தை ஒன்று வெளியே எடுத்து, தறப்பாளுக்கு வெளியே நீட்டி, உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்து நிறம் செய்கிற வேலையை, நிற அட்டைகளின் நடுவில் சாம்பல் துண்டு வைத்து, தரம் 8 மாணவர்களுக்கு வகுப்பில் காட்ட முயன்றேன். பாதிப் பேர் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார்கள்.
– ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: சாம்பல் துண்டு பெரிதாக இருந்திருக்கும், அல்லது வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிந்திருக்கும். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று நாலு பிறிஸ்டல் போட்டுகளை 30 சென்ரிமீற்றர் சதுரமாக வெட்டுங்கள். ஒரே சாம்பல் தாளிலிருந்து 3 சென்ரிமீற்றர் சதுரங்கள் நாலு வெட்டி நடுவில் ஒட்டுங்கள். போட்டின் நிறமும் சாம்பலும் வெளிச்ச அளவில் நெருக்கமாக இருக்க வேண்டும். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கும்போது இரண்டின் எல்லை மங்கினால் பொருத்தம் சரி. கடும் நீலத்தின் மேல் வெளிர் சாம்பல் வைத்தால் வெளிச்ச வித்தியாசம் மட்டும் தெரியும், நிறம் நகராது.

பிறகு மெல்லிய வெள்ளை டிஷூ தாளால் முழு அட்டையையும் மூடுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. பரிசோதனையே இதில்தான் உயிர் பெறுகிறது. தாள் விளிம்பை மறைத்து, போட்டின் நிறத்தையும் மென்மையாக்கும். பச்சையின் மேல் இருந்த சாம்பல் அப்போது தெளிவான ரோஸாக எழும். என்ன தெரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாமல், பிள்ளைகள் தனித்தனியே நிறப் பெயரை எழுதிய பிறகே பேசவிடுங்கள். அதன்பின் துளை அட்டையால் நாலும் ஒரே சாம்பல் என்று காட்டுங்கள்.

இன்னொன்றைப் பிள்ளைகள் வீட்டில் செய்யலாம். பொழுது சாயும் நேரம் சன்னலோரம் வெள்ளைத் தாள் விரித்து, எதிர்ப்பக்கம் மெழுகுதிரி ஏற்றி, நடுவில் பென்சில் ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நிழல் விழும். மெழுகுதிரி வெளிச்சத்தில் விழும் நிழல் நீலமாகவும், சன்னல் வெளிச்சத்தில் விழும் நிழல் மஞ்சளாகவும் தெரியும். இருட்டு கொஞ்சம் கூடி இரண்டு நிழலும் சம அழுத்தமாகிற சில நிமிடங்களில்தான் நிறம் மிக நன்றாகப் பிடிக்கும். நேரத்தைத் தவறவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். சிறு பிள்ளைகள் என்றால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: கம்பளிச் சுவெட்டர் பின்னி கைத்தொலைபேசியில் படம் எடுத்து விற்கிறேன். தேயிலைச் செடி மேல் விரித்து எடுத்தால் அழகு. ஆனால் நிறம் வேறு என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
– வாசகி, நுவரெலியா

பதில்: படம் நிறையப் பச்சை இருந்தால் கமரா தானாகவே அதைச் சமன்செய்ய முயன்று முழுப் படத்தையும் ரோஸ் பக்கம் தள்ளக்கூடும். அதோடு பார்க்கிறவரின் கண்ணும் பச்சைக்கு எதிராகத் தள்ளும். இரண்டும் ஒரே திசை. சாம்பல் நிறத் துணியை விரித்து, திறந்த வெளி நிழலில், சுவெட்டருக்குப் பக்கத்தில் வெள்ளை ஏ4 தாள் ஒன்று தெரியும்படி முதல் படத்தை எடுங்கள். தொலைபேசியில் வெள்ளைச் சமநிலையைக் கையால் மாற்றும் வசதி இருந்தால், தாள் வெள்ளையாகத் தெரியும்வரை சரிசெய்து அப்படியே வைத்து மற்றப் படங்களை எடுங்கள். வசதி இல்லையென்றால் தாள் தெரியும் படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். வாங்குகிறவர் எதோடு ஒப்பிடுவது என்று தெரிந்துகொள்வார். தேயிலைச் செடி மேல் எடுத்த அழகான படத்தை இரண்டாவதாக வையுங்கள். கடும் சிவப்பு, மெஜெண்டா நூல்கள் படத்தில் மிகையாகத் தெரிவது வழக்கம் என்பதால், அவற்றுக்கு மட்டும் ஒரு விரல் நீள நூலைத் தபாலில் முன்கூட்டி அனுப்பினால் திரும்பி வருவது குறையும்.